மைக் செட் மேசையில் யார் உட்கார்ந்தாலும் ஓட வேண்டும்: எங்கள் ஆலயத்துக்கு மிக்ஸர் தேர்ந்தெடுத்த அனுபவம்

போன வருடம் அறுப்பின் பண்டிகை ஆராதனை. எங்கள் சபைப் போதகரான ஐயர் விண்ணப்ப ஜெபத்தைத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஸ்பீக்கர் 'ஊய்ங்' என்று கூவ ஆரம்பித்தது. மைக் செட் மேசையில் அன்றைக்கு இருந்தது பதினோராம் வகுப்பு படிக்கிற பிள்ளை. எல்லா மைக்கின் ஒலியையும் சேர்த்துக் கூட்டிக் குறைக்கிற பெட்டிதான் மிக்ஸர். எங்கள் பழைய மிக்ஸரில் எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது. எந்தக் குமிழ் எந்த மைக்குக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றைத் திருப்பினாள், சத்தம் இன்னும் கூடியது. இன்னொன்றைத் திருப்பினாள், பாடகர் குழுவான கொயருக்கு முன்னால் அவர்கள் கேட்பதற்காக வைத்த ஸ்பீக்கர், அதாவது மானிட்டர், செத்தது. கடைசியில் மொத்தச் சத்தத்துக்கும் பொதுவான மாஸ்டரை முழுவதும் இறக்கிவிட்டாள். கூவல் நின்றது. ஐயரின் குரலும் நின்றது. பாதி ஆலயத்துக்கு ஜெபம் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் அசன விருந்துக்குப் போன பிறகு, வெஸ்ட்ரி (போதகர் அறை) படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "இனி நான் அந்த மேசையில உக்கார மாட்டேண்ணே" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. தப்பு அவள் மேல் இல்லை. அவள் கையில் நாங்கள் கொடுத்திருந்த மேசை அப்படி.

எங்கள் ஆலயம் தூத்துக்குடி மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே. பழைய கல் சுவர், உயரமான கூரை, கை தட்டினால் எதிரொலி அடங்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். சவுண்ட் பார்ப்பதற்குச் சம்பள ஆள் கிடையாது. ஐந்து பேர் முறை வைத்துப் பார்க்கிறோம்: இந்தப் பிள்ளை, கல்லூரி முடித்த ஒரு தம்பி, ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற டீச்சர் அக்கா, மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மாமா, அப்புறம் நான். எனக்கு மின்சாதனங்கள் பழுது பார்ப்பதுதான் தொழில். சால்டரிங் ராடு கையில் பழகியது. சவுண்ட் என்பது ஆலயத்தில் கற்றுக்கொண்டது.

கமிட்டியில் விஷயம் வந்தபோது ஆளுக்கொரு யோசனை. "32 சேனல் வாங்கிப் போட்ருவோம், பின்னால பிரச்சினை வராது" என்றார் ஒருவர். ஒரு மைக்கோ ஒரு கருவியோ மாட்டுகிற வரிசைதான் ஒரு சேனல். "பக்கத்து ஊர்ல டிஜிட்டல் வாங்கிட்டாங்க, நாம ஏன் வாங்கக் கூடாது?" என்றார் இன்னொருவர். கேபிள், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய் ஒதுக்கினார்கள். நான் ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். ஆலயப் பணம் என்பது காணிக்கைப் பையில் பாட்டிமார் மடித்துப் போடுகிற பத்து ரூபாய். கடைக்காரர் காட்டுகிறதை வாங்கிக்கொண்டு வர எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நான்கு ஞாயிறும் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். ஒரே நேரத்தில் எத்தனை மைக் ஓடுகிறது, யார் எதைத் தொடுகிறார்கள், எப்போது தப்பு நடக்கிறது என்பதை மட்டும் எழுதினேன். மைக் கணக்கு சீக்கிரம் முடிந்தது. பிரசங்க பீடம், வேதபாட மேசை, ஐயருக்குக் காலர் மைக், கையில் பிடிக்கிற கார்ட்லெஸ் ஒன்று, கொயருக்கு மூன்று. ஆக ஏழு. அதோடு கீபோர்டு, ரிதம் பேட், கிட்டார், பாடல் வரி காட்டுகிற லேப்டாப். 32 சேனலுக்கு எங்களிடம் வேலையே இல்லை. பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். காலியாகக் கிடக்கிற ஒவ்வொரு குமிழும் புதிதாக உட்காருகிற பிள்ளைக்கு ஒரு குழப்பம்.

தப்புகளின் பக்கம்தான் எனக்குப் பாடமாக இருந்தது. திரும்பத் திரும்ப வந்தவை இரண்டு. முதலாவது, சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ, மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடரைத் தொடாமல் மேலே இருக்கிற கெயின் குமிழைத் திருப்புவது. கெயின் என்பது மைக்கிலிருந்து வருகிற மெல்லிய சமிக்ஞையை மிக்ஸர் எந்த அளவுக்கு வாங்கிக்கொள்கிறது என்பது. அதைத் தொட்டால் ஹாலில் மட்டுமல்ல, கொயர் மானிட்டரிலும் பதிவிலும் சேர்ந்தே மாறும். ஒருவர் கெயினை ஏற்ற, அடுத்த வாரம் இன்னொருவர் ஃபேடரை இறக்க, ஒரு மாதத்தில் எந்தச் சேனலும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாமல் போயிருந்தது.

இரண்டாவது, வேலையில்லாத மைக்கைத் திறந்தே வைப்பது. பிரசங்கம் நடக்கும்போது கொயரின் மூன்று மைக்கும் திறந்திருக்கும். ஒரே அளவில் திறந்திருக்கிற மைக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால், கூவுவதற்கு முன் நமக்குக் கிடைக்கிற இடம் 3 டெசிபல் குறைகிறது. ஒரு மைக்கில் நிம்மதியாகப் பேசுகிற அளவு, நான்கு மைக் திறந்திருந்தால் 6 டெசிபல் குறைந்துவிடும். எங்கள் மாதிரி எதிரொலிக்கிற கட்டடத்தில் அந்த 6 டெசிபல்தான் ஜெபம் கேட்பதற்கும் கூவுவதற்கும் நடுவில் இருக்கிற தூரம்.

இன்னொன்றும் நோட்டில் தெரிந்தது. 'மிக்ஸர் கோளாறு' என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி, மிக்ஸரின் கோளாறே இல்லை. அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை முழுவதும் கேபிள்களோடு உட்கார்ந்தேன்.

பீடத்திலிருந்து மேசைக்கு வருகிற கேபிள் சுவரோரமாக ஃபேன் ஒயர், டியூப்லைட் ஒயர் கூடவே 30 மீட்டர் வருகிறது. அதில் எப்போதும் ஒரு 'ம்ம்ம்' இரைச்சல். கேபிள் முனையில் இருக்கிற எக்ஸ்.எல்.ஆர். பின்னைத் திறந்து பார்த்தேன். உள்ளே மூன்று முனை இருக்கும். 1 எர்த், 2-இலும் 3-இலும் ஒரே சமிக்ஞை எதிரெதிர் திசையில் வரும். வழியில் சேர்கிற இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால், மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகும். அதற்காகத்தான் மூன்று முனை. ஆனால் எங்கள் பின்னில் 1-ஐயும் 3-ஐயும் ஒரு சின்னக் கம்பித் துண்டு வைத்துச் சேர்த்துப் பற்ற வைத்திருந்தது. ஒரு காலத்தில் பி-38 பின் (கிட்டாரில் மாட்டுகிற கால் அங்குலப் பின்) மட்டும் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயருக்காக யாரோ செய்தது, அப்படியே தங்கிவிட்டது. ஈயம் கறுத்து, உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. ராடை வைத்ததும் கம்பி உதிர்ந்து விழுந்தது. மூன்று முனையையும் சுரண்டிச் சுத்தம் செய்து, தனித்தனியாகப் பற்ற வைத்து, மல்டிமீட்டரில் முனைக்கு முனை 'பீப்' பார்த்து மூடினேன். மைக்கை மாட்டியதும் அந்த 'ம்ம்ம்' இல்லை. பழைய மிக்ஸரிலேயே இல்லை.

பதினோரு கேபிளில் நான்கில் இதே கதை. இது இரைச்சலோடு நிற்கிற விஷயமும் அல்ல. கொயருக்கு இருக்கிற கண்டென்ஸர் மைக்குக்கு, மிக்ஸர் மைக் கேபிள் வழியாகவே அனுப்புகிற 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபாண்டம் பவர், போட்டாக வேண்டும். 1-ம் 3-ம் சேர்ந்திருக்கிற கேபிளில், மின்சாரம் தேவைப்படாத சாதாரண டைனமிக் மைக் மாட்டியிருந்தால், அந்த மின்சாரம் மைக்கின் சுருள் வழியாக ஓடும். கேபிள் சரியாக இருந்தால் டைனமிக் மைக்குக்கு ஃபாண்டத்தால் ஒன்றும் ஆகாது. புது மிக்ஸர் வாங்குகிறவர்கள் முதலில் பழைய கேபிளைத் திறந்து பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை மாலை தேர்வு. தெரிந்தவர்களிடம் கெஞ்சி மூன்று விதமான மிக்ஸர்களை இரவல் வாங்கினேன். வாடகை சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ஒருவரிடமிருந்து 16 சேனல் அனலாக். பக்கத்துச் சேகரத்து (சபை வட்டம்) ஆலயத்திலிருந்து ஃபேடர் தானாக நகர்கிற டிஜிட்டல். ஒரு இசைக்குழுத் தம்பியிடமிருந்து பெட்டி மேடையில் கிடக்க, டேப்லெட்டில் மட்டும் இயக்குகிற வகை. மூன்றையும் ஒவ்வொன்றாக மாட்டி, ஐந்து பேரையும் முறையாக உட்கார வைத்தேன். அழுத பிள்ளையையும் கூப்பிட்டிருந்தேன். "வேடிக்கை மட்டும் பாரு" என்று சொல்லித்தான் வரவழைத்தேன்.

சோதனை ரொம்பச் சாதாரணமானது. நான் வேண்டுமென்றே ஒரு மைக்கைக் கூவ வைப்பேன். 'வேதபாட மேசை கூவுது, குறை' என்பேன். கைபேசியில் நேரம் ஓடும். அவ்வளவுதான்.

அனலாக்கில் எல்லோருடைய கையும் மூன்று நான்கு விநாடிக்குள் சரியான ஃபேடருக்குப் போய்விட்டது. டேப்பில் பெயர் எழுதி ஒட்டியிருந்ததே போதுமாக இருந்தது. டிஜிட்டலில் தம்பி வேகமாகச் செய்தான். மாமாவுக்கும் டீச்சர் அக்காவுக்கும் ஒரு தடங்கல் வந்தது. டிஜிட்டலில் அடுக்கை மாற்றினால் அதே ஃபேடர் வேறு வேலை செய்யும். அந்த நேரம் ஃபேடர்கள் இரண்டாவது அடுக்கில் இருந்தன. வேதபாட மேசை என்று நினைத்து அக்கா இறக்கியது கொயர் மானிட்டருக்குப் போகிற அளவை. "நான் இறக்கினேனே, ஏன் குறையல?" என்று அவர்கள் கேட்ட குரலில் இருந்த பதற்றம், அறுப்பின் பண்டிகையன்று நான் பார்த்த அதே பதற்றம். டேப்லெட்டில் இன்னும் கஷ்டம். திரை அணைந்திருந்தது. திறந்து, சரியான பக்கத்துக்குத் தள்ளி, வியர்த்த விரலால் சின்ன ஃபேடரைப் பிடிப்பதற்குள் கூவல் ஆலயத்தை நிறைத்துவிட்டது. மாமா கண்ணாடியைத் தேடினார்.

டிஜிட்டலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதன் நன்மைகள் உண்மையானவை. பெரிங்கர் எக்ஸ்32 2012-இல் வந்த பிறகு, பெரிய மேடைகளுக்கு மட்டும் இருந்த வசதிகள் நடுத்தர ஆலயங்களுக்கும் எட்டின. எல்லாக் குமிழ்களின் நிலையையும் 'ஞாயிறு ஆராதனை' என்று ஒரு சீனாகச் சேமித்து வைத்தால், சனிக்கிழமை பிள்ளைகள் எதைத் திருப்பியிருந்தாலும் ஒரே தொடுதலில் பழைய நிலைக்கு வந்துவிடும். அனலாக்கில் அது முடியவே முடியாது. சவுண்ட்கிராஃப்ட் யுஐ24ஆர் மாதிரியானவற்றுக்குத் தனி செயலிகூட வேண்டாம், பிரவுசரிலேயே இயக்கலாம். 2023-இல் வந்த ஆலன் அண்ட் ஹீத் சிக்யூ-18டியில் கெயினைத் தானே பார்த்து வைக்கிற வசதியும், பேசுகிறவரின் மைக்கை மட்டும் முன்னால் கொண்டுவருகிற வசதியும் உண்டு. புதியவர்களை மனதில் வைத்தே செய்திருக்கிறார்கள். வாரம் தவறாமல் வருகிற, கற்றுக்கொள்ள ஆசையுள்ள ஒரே ஆள் உங்கள் ஆலயத்தில் இருந்தால் டிஜிட்டலே வாங்குங்கள். அவர் உள்ளே எல்லாவற்றையும் அமைத்துப் பூட்டி வைத்துவிட்டால் மற்றவர்களுக்கு நாலைந்து ஃபேடர்தான் மிஞ்சும். எங்களுக்கு அந்த ஒரே ஆள் இல்லை. நான் வெளியூர் வேலைக்குப் போனால் மூன்று வாரம் வர மாட்டேன். சீன் குழம்பினால் எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது.

கரண்ட்டும் ஒரு காரணம். எங்கள் ஊரில் ஞாயிறு காலையில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறுவது அடிக்கடி நடக்கும். அனலாக் மிக்ஸர் கரண்ட் வந்த நொடியே முன்பு இருந்த நிலையில் நிற்கும். டிஜிட்டல் எழுந்து வர நேரம் பிடிக்கும். அதற்கு யூ.பி.எஸ். வைக்கலாம்தான். ஆனால் அதுவும் ஒரு செலவு, அதன் பேட்டரியும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள்.

கடைசியில் எடுத்தது யமஹா எம்ஜி16எக்ஸ்யூ. மைக் உள்ளீடு 10, மொத்தம் 16 சேனல்: மோனோ எட்டு, ஸ்டீரியோ நான்கு ஜோடி. மோனோ சேனல் எல்லாவற்றிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற பொத்தான், உரத்த குரலை அடக்குகிற, ஒரே குமிழில் இயங்குகிற கம்ப்ரஸர், நடு ஒலிகளைக் கூட்டிக் குறைக்கிற, 250 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை நகர்த்தக்கூடிய நடு ஈக்யூ. ஆனால் நான் அதை எடுத்ததற்குக் காரணம் இவை எதுவும் அல்ல. அதில் நான்கு குரூப் இருக்கிறது. பல சேனல்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே ஃபேடரில் ஏற்றி இறக்குகிற வழிதான் குரூப்.

மிக்ஸர் பார்க்கப் போகிறவர்கள் 'எத்தனை சேனல்?' என்று கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது, 'குரூப் இருக்கா? எத்தனை?' என்று. எங்கள் மாதிரி ஆலயத்துக்கு உயிர் அதில்தான். பேச்சு மைக்குகள் நான்கையும் 1-2 குரூப்புக்கு அனுப்பினேன். கொயரையும் இசைக் கருவிகளையும் 3-4 குரூப்புக்கு. இப்போது மேசையில் உட்காருகிறவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு ஃபேடர்தான். பேச்சு, பாட்டு. ஜெபம் தொடங்கினால் 'பாட்டு' கீழே. கொயரின் மூன்று மைக்கும் ஒரே அசைவில் மூடிவிடும். கீர்த்தனை தொடங்கினால் மேலே. திறந்த மைக்கால் வருகிற கூவல் பெரும்பாலும் இதிலேயே அடங்கிப் போகிறது.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சேனல் பக்கத்தில் 1-2, 3-4, எஸ்.டி. என்று மூன்று பொத்தான் இருக்கும். குரூப்புக்கு அனுப்பிய சேனலில் எஸ்.டி. அழுந்தியிருக்கக் கூடாது. அழுந்தியிருந்தால் ஒலி குரூப்பைத் தாண்டி நேராக மாஸ்டருக்கும் போகும், குரூப்பை எவ்வளவு இறக்கினாலும் சத்தம் வந்துகொண்டே இருக்கும். எஸ்.டி.யை குரூப் பகுதியில் மட்டும் அழுத்த வேண்டும். இதைத் தவறவிட்டு முதல் நாள் ஒரு மணி நேரம் தேடினேன்.

மோனோ சேனல் எட்டில் ஏழு மைக். எட்டாவதை வேண்டுமென்றே காலியாக விட்டேன். ஏதாவது ஒரு சேனல் மக்கர் செய்தால் கேபிளைப் பிடுங்கி அதில் மாட்டிக்கொள்ளலாம். அதற்கும் பேச்சு குரூப்புக்கு முன்கூட்டியே பொத்தான் அழுத்தி வைத்திருக்கிறது. கிட்டார், அதன் ஒலியை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றதாக மாற்றுகிற ஒரு டி.ஐ. பெட்டி வழியாக 9/10-இல். ரிதம் பேட் 11/12, கீபோர்டு 13/14, லேப்டாப் 15/16. கார்ட்லெஸ் ரிசீவர்களை எக்ஸ்.எல்.ஆரில் மாட்டாமல் பி-38 பின்னில் மாட்டினேன். இந்த மேசையில் ஃபாண்டத்துக்கு எல்லாச் சேனலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்சுதான். ரிசீவர் அந்த 48 வோல்ட்டைப் பார்க்க வேண்டாம் என்று.

லேப்டாப்பை மாட்டியதும் ஸ்பீக்கரில் 'ஜ்ஜ்' என்று இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது. சார்ஜரின் எர்த்தும் மிக்ஸரின் எர்த்தும் இரண்டு வழியில் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுவதால் வருவது இது. நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் ஒன்று போட்டதும் சரியானது. இதற்குச் சிலர் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கிறவரின் உயிர் அந்த முள்ளில் இருக்கிறது.

கெயின் வைத்த நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதுவரை எங்கள் வழக்கம், ஒருவர் மைக்கைத் தட்டி 'ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ' என்று மெதுவாகச் சொல்வது. அந்தக் குரலுக்கு வைத்த கெயின், ஐயர் பிரசங்கத்தில் குரலை உயர்த்தும்போது உடைந்து கரகரக்கும். இந்த முறை ஐயருக்குத் துணையாக ஊழியம் செய்கிற உபதேசியாரைப் பிரசங்க பீடத்தில் நிறுத்தி, 'ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிற மாதிரியே வாசியுங்க ஐயா' என்று 23-ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசிக்கச் சொன்னேன். சேனலின் பி.எஃப்.எல். பொத்தானை அழுத்தினால் மீட்டர் அந்த ஒரு மைக்கின் அளவை மட்டும் காட்டும். அவர் குரல் உச்சிக்குப் போகும்போது மீட்டரின் விளக்கு பூஜ்யத்தைச் சுற்றி நிற்கிற அளவுக்கு கெயினை வைத்தேன். ஒவ்வொரு மைக்குக்கும் அதைப் பயன்படுத்துகிற ஆளையே நிறுத்தினேன். கொயரைப் பல்லவி, சரணம் இரண்டும் முழுக் குரலில் பாட வைத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது.

வைத்த இடத்தில் ஒவ்வொரு கெயின் குமிழின் நுனிக்கும் நேராக, மேசையின் மேல் என் மகளின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். அடுத்த நாள் ஃபோட்டோ ஃபிரேம் கடையில் ஒரு கண்ணாடி மாதிரி அக்ரிலிக் தகடு வெட்டி வாங்கி, கெயின் வரிசையின் மேல் மட்டும் மூடுகிற மாதிரி, இரண்டு பக்கமும் ரப்பர் கால் வைத்து உட்கார வைத்தேன். புள்ளி தெரியும், குமிழ் தெரியும், கை போகாது. கழற்ற வேண்டுமானால் ஒரு விநாடிதான். ஆனால் கழற்றுகிறவர் யோசித்துக் கழற்றுவார். மொத்த வேலையிலும் அதிகப் பலன் கொடுத்தது சில ரூபாய் பெறுமானமுள்ள இந்தத் தகடுதான் என்று நினைக்கிறேன்.

பேச்சு மைக் எல்லாவற்றிலும் 80 ஹெர்ட்ஸ் பொத்தான் அழுத்தியிருக்கிறது. மைக் ஸ்டாண்டைத் தொடுகிற 'டம்', ஃபேன் காற்றின் உறுமல் இரண்டும் போய்விட்டன. நடு ஈக்யூவை 300-400 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக் கொஞ்சம் குறைத்ததும் சொற்கள் தெளிந்தன. கல் சுவர் ஏற்கெனவே அந்தப் பகுதியை ஊதிப் பெருக்குகிறது. உள்ளே இருக்கிற, எதிரொலி சேர்க்கிற ரிவெர்ப் எஃபெக்ட்டை முழுவதும் அணைத்துவிட்டேன். கொயர் தம்பிகளுக்கு வருத்தம்தான். ஆனால் கட்டடமே கொடுக்கிற ரிவெர்ப் நமக்குப் போதும். அதன் மேல் இன்னொன்றைப் போட்டால் பின்வரிசைப் பாட்டிக்கு வேத வசனம் கேட்காது. கம்ப்ரஸரைப் பிரசங்க பீடத்துக்கு மட்டும் லேசாக வைத்திருக்கிறேன். அதைக் கூட்டக் கூட்ட மெல்லிய ஒலியும் மேலே ஏறி, கூவலுக்கு வழி திறக்கும்.

இதற்கிடையில் பீடத்துக்குப் பின்னால் இருந்த, தூண் மாதிரி நெட்டையான இரண்டு காலம் ஸ்பீக்கரையும் நாலடி முன்னால் கொண்டுவந்து மாட்டினோம். மைக்கின் முகத்தில் ஸ்பீக்கர் பேசினால் எந்த மிக்ஸரும் காப்பாற்றாது. வேதபாடம் வாசிக்கிறவர்களிடம் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். இரண்டு சாண் தூரத்தை ஒரு சாண் ஆக்கினாலே 6 டெசிபல் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்க முடியாத 6 டெசிபல்.

முதல் ஞாயிறு ஹாலில் எல்லாம் நன்றாகப் போனது. தப்பு யூடியூபில் நடந்தது. வெளியூரில் இருக்கிற பிள்ளைகளும், நடக்க முடியாமல் வீட்டில் இருக்கிற பெரியவர்களும் 2020 ஊரடங்கிலிருந்து அதில்தான் ஆராதனை பார்க்கிறார்கள். அதற்கான ஒலியை நான் ஒரு ஆக்ஸ் வெளியீட்டிலிருந்து (மாஸ்டரைத் தவிர வேறு இடத்துக்கு ஒலி அனுப்புகிற தனி வழி), போஸ்ட் ஃபேடராக வைத்து எடுத்திருந்தேன். மாலையில் சென்னையிலிருந்து ஒரு சித்தி போன் செய்தார். "பிரசங்கம் முழுக்க கொயர் பிள்ளைங்க குசுகுசுன்னு பேசுறது கேக்குப்பா" என்றார். பதிவைப் போட்டுக் கேட்டேன். உண்மைதான். போஸ்ட் ஃபேடர் என்றால் சேனலின் ஃபேடருக்குப் பிறகு. குரூப் ஃபேடருக்குப் பிறகு அல்ல. ஹாலில் 'பாட்டு' குரூப்பை இறக்கியதால் கொயர் மைக் அடங்கியது. சேனல் ஃபேடர் மேலேயே இருந்ததால் ஆக்ஸ் வழியாக அவர்கள் பேச்சு முழுவதும் வெளியே போய்க்கொண்டிருந்தது.

இரண்டு நாள் யோசித்து வழி கண்டேன். இந்த மேசையின் பின்னால் குரூப் வெளியீட்டுக்கென்று தனித்தனிப் பின் இருக்கிறது. குரூப் 1-இலிருந்து ஒரு கேபிள், குரூப் 3-இலிருந்து ஒரு கேபிள். இரண்டையும் ஒரு சின்ன யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸின் இரண்டு உள்ளீட்டுக்கும் கொண்டுபோனேன். ஒலியை இடது வலது என்று பிரிக்கிற பேன் குமிழ் சேனல்களில் நடுவில் இருப்பதால் 1-இலும் 2-இலும் ஒரே ஒலிதான், அதனால் ஒன்று போதும். இப்போது ஹாலில் பாட்டு இறங்கினால் யூடியூபிலும் இறங்குகிறது. லேப்டாப்பில் இருக்கிற தம்பிக்கு பேச்சு ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாகத் தனித்தனியாக வருவதால், வீட்டில் கேட்கிறவர்களுக்கு ஏற்ற மாதிரி சமப்படுத்தவும் முடிகிறது. சித்தி அடுத்த வாரம் மறுபடி போன் செய்தார். இந்த முறை பிரசங்கத்தைப் பற்றித்தான் பேசினார்.

கொயர் மானிட்டருக்குப் போகிற ஆக்ஸ் மட்டும் ப்ரீ ஃபேடர், அதாவது சேனல் ஃபேடருக்கு முன்னாலேயே எடுப்பது. ஹாலில் யார் எதை ஏற்றி இறக்கினாலும் பாடுகிறவர்கள் காதில் கீபோர்டு ஒரே அளவில் கேட்க வேண்டும்.

மேசையின் இடது பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. டீச்சர் அக்காவின் கையெழுத்து, ஓய்வுநாள் பள்ளி சார்ட்டில் எழுதுகிற அதே பெரிய எழுத்து:

போடும்போது முதலில் மிக்ஸர், கடைசியில் ஆம்ப். நிறுத்தும்போது முதலில் ஆம்ப்.
கார்ட்லெஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டாச்சா?
ஜெபம், வேதபாடம், பிரசங்கம்: பாட்டு கீழே.
கூவினால் பாட்டைப் பார். அது கீழே இருந்தால் பேச்சை ஒரு விரல் அகலம் இறக்கு.
மாஸ்டரைத் தொட வேண்டாம்.

இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அவசரத்தில் யாரும் படிக்க மாட்டார்கள் என்பது அக்காவின் கணக்கு. நான் இன்னும் மூன்று வரி சேர்க்கக் கேட்டேன், அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சொன்னதே சரி.

வேடிக்கை பார்க்க மட்டும் வந்த பிள்ளை, கெயின் வைத்த நாளில் என்னோடு நின்று எல்லாப் புள்ளியையும் அவளே வைத்தாள். அதன் பிறகு இரண்டு வாரம் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம் மாமா ஏதோ வேலை சொல்லிக்கொண்டு எழுந்து போய், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவள் தனியாகவே ஆராதனையை முடித்தாள்.

இந்த வருடம் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்கு மேசையில் அவள்தான் இருந்தாள். பகல் 12 மணி முதல் 3 மணி வரை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் செய்தி கொடுப்பார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. ஒருவர் மைக்கை விழுங்குகிற மாதிரி பேசுவார், இன்னொருவர் இரண்டடி தள்ளி நின்று முணுமுணுப்பார். நடுநடுவே பாட்டு. சவுண்ட் பார்க்கிறவருக்கு வருடத்தில் மிகக் கடினமான மூன்று மணி நேரம் அது. ஐந்தாம் வார்த்தையின் நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வந்து மைக் உயிர் பெற்றபோது, பிரசங்கியார் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார். அவள் எதையும் தொடவில்லை. தொட வேண்டியிருக்கவில்லை.

ஆறாவது செய்தி கொடுத்த அம்மாவுக்குக் குரல் ரொம்ப மெலிது. பேச்சு ஃபேடரை அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். லேசாக ஒரு கூவல் தலைகாட்டியது. கை உடனே ஒரு விரல் அகலம் இறங்கியது, நின்றது. திரும்பிப் பார்த்தவர்கள்கூட யாரும் இல்லை.

மிச்சமிருக்கிற வேலை இரண்டு. உப்புக் காற்றுக்கு ஃபேடர்கள் சீக்கிரம் கரகரக்கும், அதனால் மிக்ஸருக்குத் துணி உறை தைக்கக் கொடுத்திருக்கிறேன், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தைக்கிறார்கள். பின்வரிசைக்கு இன்னும் சொற்கள் முழுதாகத் தெளியவில்லை. நடுத்தூணில் இரண்டு சின்ன ஸ்பீக்கர் போட்டு, முன் ஸ்பீக்கரின் ஒலியோடு சேர்ந்து வருகிற அளவுக்குத் தாமதம் வைத்துப் பார்க்க வேண்டும். கமிட்டி ஒதுக்கியதில் கொஞ்சம் மீதி இருக்கிறது. அடுத்த அறுப்பின் பண்டிகைக்குள் அதையும் முடித்துவிடுவோம். அளவெடுக்க சனிக்கிழமை வருவதாக அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறாள்.